வீட்டுக்கரமும் போலிச்சட்டமும்

நம் நாட்டில் சட்டம் படித்தவர்களைவிடச் சட்டம் பேசுகிறவர்கள் மிகுதி. தேநீர்க்கடையில் ஒருவர், "அரசியல் சட்டத்தின் 265-ஆம் விதி என்ன சொல்கிறது, தெரியுமோ?" என்று தொடங்கினால் போதும், பக்கத்தில் இருப்பவர் கையிலுள்ள குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவார். ஓர் எண்ணைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் பேச்சுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அதிலும் பேச்சு வரியைப் பற்றியது என்றால் சொல்லவே வேண்டியதில்லை. கட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு என்று சொல்லும் நாவை நம்ப விரும்பாத செவி எது?

சட்டத்தின் சொற்களை எடுத்துக்கொண்டு, சட்டத்தின் உடையையும் உடுத்திக்கொண்டு, ஆனால் எந்த நீதிமன்றத்திலும் நில்லாத வாதங்களைத்தான் இங்கே போலிச்சட்டம் என்று குறிப்பிடுகிறேன். தோற்றுப்போகிற வாதமெல்லாம் போலி என்று நண்பர்கள் கொள்ள வேண்டாம். எந்த வழக்கிலும் ஒரு பக்கம் தோற்கத்தான் செய்யும். ஆனால் மெய்யான வாதம் சட்டத்தை முழுதும் படித்துவிட்டு அதனோடு மல்லுக்கு நிற்பது. போலி வாதமோ ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து மந்திரம்போல உச்சரிப்பது.

மாணவர் மலரில் இந்தப் பொருள் எதற்கு என்று கேட்கலாம். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மலையாளத்தில் அச்சிட்ட நோட்டீஸைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை பெரும்பாலும் கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வள்ளக்கடவிலும் இப்படி வீட்டு வக்கீலாகிவிட்ட மாணவர்கள் எத்தனையோ பேர். அப்பாவும் மாமாவும் கூடத்தில் உட்கார்ந்து, "கட்டாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்?" என்று கேட்கும்போது விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.

முதலில் அந்த 265-ஆம் விதியையே எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பது அதன் கருத்து. உயர்ந்த விதி, ஐயமில்லை. ஆனால் அதைச் சொல்பவர், "ஆகவே வீட்டுக்கரம் செல்லாது" என்று முடிக்கிறார். நடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்: சட்டம் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. நிலங்கள், கட்டடங்கள் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டம் தன் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில், 49-ஆம் இனமாக, மாநிலத்துக்குத் தந்துள்ளது. அதன் வழியே 1994-இல் கேரள முனிசிபாலிட்டிச் சட்டமும் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் வந்தன. முனிசிபாலிட்டிச் சட்டத்தின் 233-ஆம் பிரிவுதான் நம் வீட்டு வாசலுக்கு வரும் நோட்டீஸின் வேர். 265 என்பது கதவுக்குப் பூட்டு; சாவி உள்ளவன் திறக்கக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

அடுத்து நாம் அடிக்கடி கேட்கும் வாதம்: "எங்கள் தெருவில் சாக்கடை இல்லை, விளக்கு எரிவதில்லை, குப்பை எடுப்பார் இல்லை. எதற்கு வரி?" இது நெஞ்சைத் தொடும் வாதம். கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி. தேர்தலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் சட்டத்தில் இதற்கு விடை 1954-லேயே சொல்லப்பட்டுவிட்டது. அந்த விடை வந்த வழக்கு சுவையானது, தமிழ்நாட்டோடு தொடர்புள்ளதுங்கூட.

சென்னை இராச்சியம் 1951-இல் இந்து அறநிலையச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. கோயில்களும் மடங்களும் தம் வருமானத்தில் நூற்றுக்கு 5 வரை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று அதன் 76-ஆம் பிரிவு கூறிற்று. உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடத்தின் தலைவர் வழக்காடினார். சுப்ரீம் கோர்ட்டு வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அப்போது தெளிவாக வகுத்தது. வரி என்பது பொதுக் காரியத்துக்காகச் சட்டத்தின் வலிமையால் கட்டாயமாகப் பெறுவது. இன்ன தொண்டுக்கு இன்ன விலை என்ற கணக்கு அதில் இல்லை. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒரு தொண்டுக்கு ஈடாகப் பெறுவது. அப்படியானால் மடத்தினிடம் கேட்ட பணம் எது? அது பொது நிதியில் போய்க் கலக்கிறது, செலவோடு கணக்குப் பொருத்தம் இல்லை. ஆகவே வரிதான் என்று நீதிபதிகள் கண்டார்கள். அத்தகைய வரியை விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அந்தப் பிரிவைத் தள்ளிவிட்டார்கள்.

"தொண்டு இல்லையேல் வரி இல்லை" என்ற பேச்சை வெட்டி வீழ்த்தும் அதே இலக்கணம், அன்று மடத்துக்கு வெற்றியைத் தந்தது. மடத்தின் வக்கீல்கள் "எங்களுக்கு என்ன செய்தீர்கள்?" என்று புலம்பியதோடு நின்றிருந்தால் இந்த வெற்றி கிடைத்திராது. இது வரியா, கட்டணமா, விதிக்க அதிகாரம் யாருக்கு என்று கேட்டார்கள்.

இந்த வேறுபாடு நம் நோட்டீஸிலும் பயன்படும். அதில் சொத்துவரி ஒரு பத்தி. சேவை உபவரி என்பது இன்னொன்று. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, கழிவுநீர் போன்றவற்றின் பெயரால் சேவை உபவரி விதித்திருந்தால், அந்தச் சேவை எங்கள் பகுதியில் உண்டா என்று கேட்க நியாயமான இடம் இருக்கிறது. தெருவிளக்கைப் பற்றிய கோபத்தை அந்தப் பத்தியின்மீது செலுத்துங்கள். மொத்த நோட்டீஸையும் கிழித்தெறிவதில் பயனில்லை.

"ஒரே வீட்டுக்கு இரண்டு வரியா? இரட்டை வரி சட்டவிரோதம்" என்பது மற்றொன்று. வீடு கட்டி முடித்தவுடன் வருவாய்த்துறை ஒரே தடவை பெறும் கட்டட வரி 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவது. ஆண்டுதோறும் உள்ளாட்சி பெறுவது வேறு சட்டத்தின்படி வருவது. சட்டமன்றம் அறிந்தே இரண்டையும் விதித்தால், இரண்டு என்ற ஒரே காரணத்தால் ஒன்று விழுந்துவிடாது. இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இவையெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. வெளிநாட்டுச் சரக்கும் இப்போது கைப்பேசி வழியாக நம்மூர்க் கரைக்கு வந்து சேர்கிறது. இங்கிலாந்தில் 1993 முதல் கவுன்சில் வரி என்பது வீட்டுவரியின் இடத்தில் இருக்கிறது. அதைக் கட்ட மறுப்பவர்களுள் ஒரு கூட்டத்தார் சொல்வது: "சட்டம் என்பது ஒப்பந்தம். நான் கையெழுத்திடவில்லை, ஆகவே என்னைக் கட்டாது." கவுன்சில் என்பதே ஒரு வியாபாரக் கம்பெனி என்பர், நோட்டீஸில் மையால் இட்ட கையொப்பம் எங்கே என்பர். ஜெர்மனியில் ஒரு சாரார், பழைய ஜெர்மன் பேரரசு இன்னும் மடியவில்லை, இப்போதைய குடியரசே ஒரு கம்பெனிதான் என்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவையும் விடுவதில்லை. அதன் 61-ஆம் பிரிவு அரசனை எதிர்க்கும் உரிமையைக் குடிகளுக்குத் தந்தது என்பார்கள். அது குடிகளுக்குத் தந்ததன்று. இருபத்தைந்து பிரபுக்களுக்குத் தந்தது. அடுத்த ஆண்டே, 1216-இல் சாசனத்தைத் திரும்ப வெளியிட்டபோது அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன பிரிவைக் காட்டி இந்த ஆண்டு வரியை நிறுத்தப் பார்க்கிறார்கள்!

இவற்றுள் மிகவும் விசித்திரமானது பெயரைப் பற்றிய வாதம். நோட்டீஸில் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் இருந்தால் அது ஆளைக் குறிப்பதன்று, ஆளின் பெயரால் அரசு படைத்த ஒரு வைக்கோல் பொம்மையைக் குறிப்பது என்பது அவர்கள் கொள்கை. தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே இல்லை. நம்மில் யாருக்கும் பொம்மை அமையும் பாக்கியம் இல்லைபோலும்.

கானடாவில் ஆல்பர்ட்டா மாகாண நீதிபதி ஜான் ரூக் 2012-இல், மீட்ஸ் என்ற வழக்கில், இத்தகைய வாதங்கள் அனைத்தையும் ஒரே தீர்ப்பில் தொகுத்து ஆராய்ந்தார். அடிப்படையில் அது ஒரு விவாகரத்து வழக்கு. தீர்ப்போ 700 பத்திகளுக்கு மேல் நீண்டது. இந்த வாதங்களை நீதிமன்றங்கள் ஏற்றதில்லை என்பதை மட்டும் அவர் காட்டவில்லை; இவற்றைப் பாடமாகவும் படிவமாகவும் விலைக்கு விற்கும் குருமார்கள் இருக்கிறார்கள் என்பதையும் எடுத்துக்காட்டினார். விற்றவர் வீட்டில் இருக்கிறார். வாங்கியவர் கூண்டில் நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவில் வாதம் சற்றே நுட்பமானது. அந்நாட்டு அரசியல் சட்டத்தில் உள்ளாட்சியைப் பற்றிய சொல்லே இல்லை. அதைச் சேர்க்க 1974-லும் 1988-லும் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் தோற்றது. "ஆகவே நகராட்சியே சட்டவிரோதம், அது கேட்கும் வரியும் சட்டவிரோதம்" என்று சிலர் கிளம்பினார்கள். நகராட்சிகளைப் படைத்தவை அங்குள்ள மாநிலச் சட்டமன்றங்கள். அவற்றுக்கு அந்த அதிகாரம் முன்பே உண்டு என்பது நீதிமன்றங்களின் விடை. இந்தியாவில் இந்த வாசலும் மூடிவிட்டது. 1992-இல் செய்த 73, 74-ஆம் திருத்தங்கள் பஞ்சாயத்துகளையும் நகராட்சிகளையும் அரசியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டத்தின் வழியே நகராட்சிக்கு அளிக்கலாம் என்று 243-எக்ஸ் விதி வெளிப்படையாகவே கூறுகிறது.

இத்தகைய வாதத்தைக் கட்டுவது எவ்வளவு எளிது என்பதைக் காட்ட நானே ஒன்று கட்டிக் காட்டுகிறேன். 1947 ஜூனில் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்தார். பிறகு மகாராஜா இந்திய யூனியனோடு சேர இசைந்தார். 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. திருவனந்தபுரம் மாநகராட்சி 1940-இல் மகாராஜாவின் ஆட்சியில் அமைந்தது. இதுவரை எல்லாம் மெய். இனிப் பாருங்கள்: இணைப்பில் ஒப்பமிட்டவர் மகாராஜா, நான் அல்லன், மாநகராட்சிக்கு அதிகாரம் தந்த அரசு இன்று இல்லை, ஆகவே என் வீட்டுக்கு வரி கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை!

கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. அடியில் ஒன்றுமில்லை. பழைய சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும் என்று 372-ஆம் விதி கூறிவிட்டது. சமஸ்தான உடன்படிக்கைகளைப் பற்றிய தகராறுகளில் நீதிமன்றம் தலையிடாது என்று 363-ஆம் விதி கூறிவிட்டது. இன்றைய மாநகராட்சி வரி கேட்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு. 1940-இன் ஆணையைக் கொண்டன்று. போலிச்சட்டத்தில் தேதிகளும் பெயர்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை எப்போதும் "ஆகவே" என்ற சொல்லில் ஒளிந்திருக்கும். இந்தியாவே பிரிட்டனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு வந்ததுதான் என்று உலவும் கதையில் அந்த ஒழுங்குகூட இல்லை.

இவ்வாறு பேசுகிறவர்களையெல்லாம் ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவதும் நேர்மையன்று. ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் பத்தல்கடி என்ற இயக்கம் பரவிற்று. ஊர் எல்லையில் பெரிய கல்லை நட்டு, அரசியல் சட்டத்தின் விதிகளை அதில் பொறித்து, இங்கே கிராம சபைக்கு மேல் ஒருவரும் இல்லை என்று முண்டா மக்கள் அறிவித்தார்கள். கல் நடுவது அவர்களுடைய பழைய வழக்கம். ஆனால் கல்லில் எழுதிய பொருள், அந்த விதிகள் சொல்லாத பொருள். ஆதார், வாக்காளர் அட்டை முதலியவற்றையும் பலர் மறுத்தார்கள். இந்த எழுச்சிக்குச் சற்று முன்னர்தான் 2016-இல், பழங்குடியினரின் நிலத்தைக் காக்கும் 1908-ஆம் ஆண்டுச் சோட்டாநாகபுரிக் குத்தகைச் சட்டத்தைத் திருத்த அரசு முயன்றிருந்தது. நிலம் போய்விடும் என்ற அச்சம் மெய்யானது. அதற்கு அவர்கள் எடுத்த சட்டந்தான் பொய்யாகிவிட்டது. தேசத்துரோக வழக்குகள் பல அவர்கள்மீது பாய்ந்தன. 2019 இறுதியில் வந்த புதிய அரசு அவற்றைத் திரும்பப் பெற முடிவு செய்தது. இடைக்காலத்தில் அந்த எளிய மக்கள் பட்ட அல்லலுக்குக் கணக்கில்லை.

இங்கே ஒருவர், "காந்தியடிகளும் வரிகொடா இயக்கம் நடத்தவில்லையா?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. 1928-இல் பர்தோலியில் நிலவரியை நூற்றுக்கு 22 உயர்த்தியபோது வல்லபாய் படேலின் தலைமையில் உழவர்கள் கட்ட மறுத்தார்கள். ஆனால் அவர்கள் அந்த வரிச் சட்டமே இல்லை என்றோ, தாங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றோ வாதிடவில்லை. உயர்வு நியாயமற்றது, நடுநிலை விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். மாடும் நிலமும் ஜப்தியாவதை ஏற்றுக்கொண்டார்கள். விசாரணை வந்தது, உயர்வு ஏறத்தாழ நூற்றுக்கு 6 என்று குறைந்தது. அதற்கும் நெடுங்காலம் முன்பு, 1799-இல், நம் நகரத்திலேயே ஒரு காட்சி. ஜயந்தன் நம்பூதிரியின் ஆட்சியில் கட்டாய வசூல் நடந்தபோது, காரியக்காரராக இருந்த வேலுத்தம்பி நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வந்து நின்றார். அந்த அமைச்சரை நீக்கு என்றார்கள், நீக்கினார் மன்னர். சத்தியாக்கிரகி சட்டத்தைத் தெரிந்தே மீறித் தண்டனையைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான். போலிச்சட்டம் பேசுகிறவனோ, மீறவும் வேண்டும், தண்டனையும் கூடாது என்கிறான்.

இனி, வரியை எதிர்த்து மெய்யாகவே வென்றவர்களின் கதைக்கு வருவோம். அது கேரளத்திலேயே நடந்தது.

1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம், 1957-இல் திருத்தப்பட்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே வீதமாக ஏக்கருக்கு 2 ரூபாய் வரி விதித்தது. நஞ்சை, புஞ்சை, மலை, காடு என்ற வேறுபாடு இல்லை. பாலக்காட்டுப் பக்கத்தில் பெருங்காடுகளை உடையவர் கே. டி. மூப்பில் நாயர். அந்தக் காட்டிலிருந்து அவருக்கு ஆண்டு வருமானம் 3,100 ரூபாய் அளவு. கேட்ட வரியோ ஐம்பதாயிரம் ரூபாய் அளவு. காட்டை விற்றுத்தான் காட்டுக்கு வரி கட்ட வேண்டும்! அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அரசின் பக்கம் சொன்ன விடைகளுள் ஒன்று நமக்குப் பழக்கமானது: 265-ஆம் விதி சட்டம் வேண்டும் என்கிறது, சட்டம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? 1960 டிசம்பரில் தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா உள்ளிட்ட பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. வரிச் சட்டமும் அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதே. விளைவதையும் விளையாததையும் ஒரே தட்டில் வைப்பது 14-ஆம் விதி கூறும் சமத்துவத்துக்கு மாறானது. கணக்கெடுத்து, நோட்டீஸ் தந்து, ஆட்சேபம் கேட்கும் முறையும் இந்தச் சட்டத்தில் இல்லை என்று கூறி அதைச் செல்லாததாக்கினர். நீதிபதி சர்க்கார் மட்டும் மாறுபட்டார். மாநிலம் 1961-இல் புதிய நிலவரிச் சட்டத்தை இயற்றிற்று. இன்றும் கிராம ஆபீசில் நாம் கட்டும் நிலக்கரம் அந்தச் சட்டத்தின்படிதான்.

மூப்பில் நாயர் பெருநிலக்கிழார். அவருக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை என்று நண்பர்கள் சிலர் சொல்லலாம். இருக்கட்டும். வரிச்சட்டம் என்றால் கேள்வி முறை இல்லை என்ற எண்ணம் அன்று உடைந்தது. அந்தப் பயன் குடிசைக்காரனுக்கும் உண்டு. அதே வழியில் 1961-இன் கேரளக் கட்டட வரிச் சட்டமும் சென்றது. கட்டடத்தின் மதிப்பு, இடம், பயன் எதையும் பாராமல் தரைப்பரப்பை மட்டும் அளந்து வரி விதிப்பது சமத்துவத்துக்கு மாறு என்று ஹைக்கோர்ட்டு தள்ளிற்று. 1968-இல், ஹாஜி குட்டி நாஹா வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது.

ஆகவே வீட்டு நோட்டீஸைப் படித்துச் சொல்லும் மாணவ நண்பர் செய்யத்தக்கவை உண்டு. கட்டடத்தின் பரப்பளவைச் சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று அளந்து பார்க்கலாம். வீட்டைக் கடை என்று வகைப்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். ஒரே வீட்டை உடையவர் அதில் தாமே குடியிருந்து, வீடு 60 சதுர மீட்டருக்கு உட்பட்டிருந்தால், 2023 ஏப்ரல் முதல் வந்த விலக்கு பொருந்துமா என்று கேட்கலாம். பிழை கண்டால் குறித்த கெடுவுக்குள் மாநகராட்சிக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம். அதன் மேலே உள்ளாட்சி நிறுவனங்களுக்கென்ற தீர்ப்பாயம் இருக்கிறது, அதுவும் நம் நகரத்திலேயே. கெடுவைத் தவறவிட்டு மாக்னா கார்ட்டாவைப் படித்துக்கொண்டிருந்தால் தண்ட வட்டி ஏறும், பிறகு ஜப்தி. நோட்டீஸில் நூலகக் கரம் என்று ஒரு சிறு தொகை கண்டால் திகைக்க வேண்டாம். 1989-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியில் ரூபாய்க்கு 5 காசு ஊர் நூலகங்களுக்காகப் பெறுவது அது.

ரசீதைப் பற்றி ஒரு சொல். வரி கட்டிய ரசீது இருந்தால் வீடு நமதே என்று நம்புவதும் போலிச்சட்டத்தின் மற்றொரு முகம். வருவாய்க் கணக்கிலுள்ள பெயரும் வரி ரசீதும் உரிமையை உண்டாக்கா என்று சுப்ரீம் கோர்ட்டு பலமுறை கூறிவிட்டது. அனுமதியின்றிக் கட்டிய கட்டடத்துக்கும் வரி வாங்குவார்கள். வாங்கியதால் அதற்கு அனுமதி கிடைத்ததாகாது. ஆனால் கட்டினேன் என்பதற்கு ரசீதைவிடச் சான்று வேறில்லை. 2021-இல் நம் மாநகராட்சியின் சில மண்டல அலுவலகங்களில் மக்கள் கட்டிய வரிப்பணத்தை ஊழியர் சிலர் கையாடியது வெளிப்பட்டு, மன்றத்திலும் தெருவிலும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அந்நாளில் நகரமெங்கும் மக்கள் பெட்டியைத் திறந்து பழைய ரசீதுகளைத் தேடினார்கள்.